பாஞ்சாலையக்காவின் பொட்டாசியம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஒரு விஷயத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, பாஞ்சாலையக்காவால் சில மாதமாகச் சோறு இறங்கவில்லை.

அக்காவைப் போல ஒரு நோயாளி கிடைக்கமாட்டார். மழையோ புயலோ, முறை தவறாமல் வந்துவிடுவார். தண்ணீரை டம்ளரில் அளந்துதான் குடிப்பார். மற்றவர்கள் கல்யாண வீட்டில் பிரியாணியையும் மோரையும் ஒரு கை பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்து படுப்பார்கள். அக்காவுக்கு உடம்பில் நீர் சேர்ந்து எடைகூட அதிகம் ஏறாது. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் மட்டும் எகிறிக் கிடக்கும். அது எகிறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். போன மாதம் கிட்டத்தட்ட நின்றே விட்டது.

“பழம், எளநி ஏதாவது சாப்புடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“வூட்டுல பழமே வாங்குறதில்ல சார்.”

டாக்டர் நம்பவில்லை. “பொய் சொன்னா உங்க உசுருக்குத்தான் ஆபத்து” என்றார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. அது பொய் சொல்கிற முகமே இல்லை.

டயாலிசிஸ் இல்லாத நாளில் அக்காவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையில் சுடும் முன், காய்ந்த களிமண் ஃப்யூஸ் கட்டைகளின் பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அங்கேயே போய் நின்றேன். வேலை விட்டதும் தலை, புருவமெல்லாம் தூசி படிந்து வெள்ளையாகப் பெண்கள் வந்தார்கள். நேராக வாசல் பெட்டிக்கடைக்குத்தான் போனார்கள். கடைக்காரர் கேட்காமலே ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்தார்.

அக்கா கையிலும் இரண்டு. என்னைப் பார்த்ததும் ஒளிக்கவில்லை. “வா அப்ரின்! நீயும் ஒண்ணு சாப்புடு” என்று நீட்டினார்.

“அக்கா! பழமே வாங்குறதில்லன்னு சொன்னீங்களே?”

“வூட்டுக்கு எங்க வாங்குறேன்? இது தொண்டையில அடைச்ச தூசிய இழுத்துகிட்டுப் போறதுக்கு. வேலைக்குச் சேந்ததுலேருந்து எல்லாரும் இப்புடித்தான். மருந்து மாதிரி.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாப்பாட்டைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டோம், வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பழத்தில்தான் பொட்டாசியம் இருக்கிறது என்று அங்கேயே நின்று சொன்னேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் பழங்களைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சரி, பழத்த வுட்டுடுறேன். தூசிய என்ன பண்றது?”