வேல் மாறிய கண்ணாடி

ஆறிய சூளையைத் திறந்தால் வெந்த செங்கல் வாசம் வரும். உள்ளே கண்ணாடி இளஞ்சூடாக இருக்கும். அன்னவாசலில் வீட்டுக்குப் பின்னால்தான் எங்கள் பட்டறை. அப்பா சாணைச் சக்கரத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பூவும் மயிலும் செதுக்குவார். அந்தப் பள்ளத்தில் அம்மா வண்ணம் தீட்டுவார். பிறகு சூளையில் வேகும்.

படம் எடுப்பது என் வேலை. மெல்லிய தாளில் இருக்கும் படத்தைக் குப்புறப் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து, தெரிகிற கோட்டை மையால் வரைய வேண்டும். செதுக்குவது பின்பக்கம். முன்னாலிருந்து பார்த்தால்தான் படம் நேராக வரும்.

விராலிமலையில் சாப்பாட்டுக் கடை நடத்திய பெண்மணி ஒருவர் புது வீட்டுப் பூசையறைக் கதவுக்கு மயில்மேல் முருகன் கேட்டிருந்தார். அப்பாவை அவர் அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பராக்குப் பார்த்துக்கொண்டே படத்தை மல்லாக்கப் போட்டுவிட்டேன். அப்பா என் கோட்டை நம்பிச் செதுக்கிவிட்டார்.

அத்தை வந்த பிறகுதான் கண்ணாடியை வெளியே எடுத்தோம். மறுநாள் பால்காய்ச்சு.

"என்னண்ணே, வேலு எடக்கையில இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். வையவில்லை. வேறு செய்ய நாள் இல்லை. சூளை ஆறவே இரண்டு நாள் வேண்டும்.

"திருப்பி மாட்டலாம்ப்பா. செதுக்குன பக்கம் வெளிய வரட்டும்" என்றேன்.

"நல்லாருக்கே! நான் தெனமும் தொடைக்கிறவ. சாயம் போனா மயிலு கொக்காப் போயிரும்" என்றார் அத்தை.

சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துவந்து மயிலின் கழுத்தை அழுத்தித் தேய்த்தேன். தடுக்க வந்த அப்பாவின் கை பாதியில் நின்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீலம் அப்படியே இருந்தது. எங்கள் சூளையில் வெந்த வண்ணம் போகாது. அது எனக்குத் தெரியும்.

அத்தை தோகையில் விரலை ஓட்டிப் பார்த்தார். "எறகு கையில தட்டுப்படுதுண்ணே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தப்பும் நீதான், வக்கீலும் நீதானாக்கும்? வண்டில ஏத்துங்கண்ணே."

வண்டி போனதும் அப்பா ஒன்றுதான் சொன்னார்: "இனிமே குப்புறப் போடு."

இப்போது பட்டறையை நான் நடத்துகிறேன். படத்தைக் கம்ப்யூட்டரே திருப்பிக் கொடுக்கிறது. அப்பா இல்லை. அத்தையும் இல்லை. அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். போன மாதம் அத்தையின் மகன் கண்ணாடியைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். கதவுச் சட்டம் செல்லரித்துப் போயிருந்தது. வண்ணம் ஒன்றும் மாறவில்லை. தோகையின் கூர் மட்டும் மழுங்கியிருந்தது.

"இத மறுபடி செதுக்கிக் குடுங்களேன்" என்றார்.

"வேணாங்க. ஒங்கம்மா தொடச்சுத் தொடச்சுத் தேஞ்சது. இருக்கட்டும்."

சட்டம் மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.