ஒற்றை ஆட்டின்

பனியன் கம்பெனியில் கரண்ட் போனால் நாங்கள் நாலு பேர் துணி ரோல்களின் மேல் உட்கார்ந்து, இரண்டு ஜோடியாகப் பிரிட்ஜ் சீட்டு ஆடுவோம். அந்தத் தீபாவளி விடுமுறைக்குக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சீட்டில் தோற்கும் ஜோடி இருப்பது என்று பேச்சு. எனக்குப் போக ஊர் இல்லை. என் ஜோடி செல்வத்துக்கு விருதுநகரில் மகள் பிறந்து நாற்பது நாள். இன்னும் முகம் பார்க்கவில்லை.

கடைசி ஆட்டத்தின் ஏலத்தில் செல்வம் ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டு, கேட்டான். எதிர் ஜோடி அதற்கு மேலே கேட்டு ஏலத்தை எடுத்தது. முதல் சீட்டு நான் இறக்க வேண்டும். கூட்டாளி கேட்டதையே இறக்குவது எங்கள் ஒப்பந்தம். என்னிடம் ஆட்டின் ஒன்றே ஒன்று, அதுவும் ரெண்டு. யாரையும் நம்பிப் பழகாதவன் நான். என் இஸ்பேட் ராஜாவை இறக்கினேன். தோற்றோம்.

எதிர் ஜோடியில் இருந்த பழனிச்சாமி சிரித்தார். "ஏனுங்க, உங்க ஜோடி ஆட்டின் கேட்டாரில்லீங்க? அதப் போட்டிருந்தா நாங்க காலிங்க!"

செல்வம் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "அண்ணன் மேல தப்பில்ல. ஆட்டின் போட வேண்டாம்னு நாந்தான் முந்தியே சொல்லிருந்தேன்" என்றான்.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை.

"நீ ஊருக்குப் போ. நான் தனியாப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ரெண்டு பேர்னுதானண்ணே பேச்சு" என்று இருந்துவிட்டான்.

தீபாவளியன்று காலையில் ஊருக்குப் பேசியவன், செல்போனை என் காதில் வைத்தான். குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"பெரியப்பாட்ட பேசு தாயி" என்றான்.

பிறகு பல ஊர் மாறிவிட்டேன். கூட்டாளி கேட்டது என் கையில் ஒற்றைச் சீட்டாக இருந்தாலும் இப்போது அதைத்தான் முதலில் இறக்குகிறேன்.