முன்சக்கரம் தரையில் இல்லை

எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஓட்டிய பஸ் கண்மாய்க்குள் இறங்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னார். சமயநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால், முதுகு மேடாக வளைந்த ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இடதுபக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் பஸ் திரும்பாமல் நேராகப் போய்விட்டதாம். விளாங்குடியிலிருந்து காய்கறிக் கூடையோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்ட முதல் கேள்வியை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

"குடிச்சிருந்தியாண்ணே?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடிப்பார். கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்ட பிறகு காணாமல் போவார். சாயங்காலம் சிவந்த கண்ணோடு வருவார். அதற்காக நான் பல மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் விபத்து நடந்தது புதன்கிழமை காலை. கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "குடிக்கல தாயி. திருப்பத்தான் செஞ்சேன். ஸ்டீயரிங் வெத்தா சுத்துச்சு. கைக்குள்ள ரோடே இல்ல."

கைக்குள் ரோடு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாக விஞ்ஞானமும் கணக்கும் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. குடித்தவன் சொல்லும் சாக்கு இப்படி இருக்காது. என்ன நடந்ததோ அதை அவர் உள்ளபடியே சொல்லியிருந்தார்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் மதுரையில் ஓடிய பஸ்களுக்கெல்லாம் கரி அடுப்பு பொருத்தியிருந்தார்கள். ஆள் உயர இரும்புப் பீப்பாய்க்குள் அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவை இன்ஜினுக்குக் குழாய் வழியாக அனுப்புவார்கள். மற்ற கம்பெனி பஸ்களில் அது பின்பக்கம் உள்ளேயே, ஒரு மூலையில் நிற்கும். அண்ணனுடைய முதலாளி மட்டும் பஸ்ஸின் முதுகுக்கு வெளியே இரண்டு இரும்புக் கைகளை நீட்டி, அதன் மேல் பீப்பாயை உட்கார வைத்திருந்தார். உள்ளே வைத்தால் இரண்டு சீட்டு போய்விடும் என்பது அவர் கணக்கு. பீப்பாய்க்குப் பக்கத்தில் கரி போடும் மேடை. கூரை மேல் பின்பக்கமாகக் கரி மூட்டைகள்.

மறுநாள் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அதே முதலாளியின் இன்னொரு பஸ் முன்னால் நின்றேன். அண்ணன் ஓட்டிய பஸ்ஸுக்கு அது இரட்டைப் பிள்ளை போல. ஒரே பட்டறையில், ஒரே மாதிரி செய்தது. பின்சக்கரத்துக்கு வெகுதூரம் பின்னால் அந்தப் பீப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரம்தான் தாங்கும் இடம். அதற்குப் பின்னால் எவ்வளவு எடை ஏற்றுகிறோமோ, அவ்வளவுக்கு முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கும் எந்த ஆளுக்கும் தெரிந்த விஷயம். திருப்புவது முன்சக்கரம். அது தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்கை எத்தனை தரம் சுற்றினால் என்ன?

போலீஸ் எழுதிய அறிக்கையில் "குடிபோதை, கண்மூடித்தனமான வேகம்" என்று இருந்தது. முதலாளி சாட்சி சொல்லியிருந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியின் எடையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் நாற்காலி கூடக் காட்டவில்லை.

"டீச்சரம்மா பஸ் ஓட்டுவீங்களா?"

"ஓட்ட மாட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க தராசுல ஏறிப் பாத்திருக்க மாட்டீங்க. அதுக்காக உங்களுக்கு எடை இல்லாமப் போயிருமா?" என்றேன்.

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். இன்ஸ்பெக்டர் வாசலைக் காட்டினார்.

இரட்டை பஸ்ஸை ஓட்டியவர் அண்ணனுடைய கூட்டாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் அவர் வேலை போய்விடும் என்பதால் பஸ்ஸை எடை போடக் கொண்டுவர முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"இதே வண்டியத்தான நானும் தினம் ஓட்டுறேன் டீச்சர். பின் சீட்டு நெறஞ்சா அந்தப் பாலத்துல எனக்கும் ஸ்டீயரிங் ஒரு நொடி லேசாயிரும். இன்னைக்கு மாப்ள, நாளைக்கு நானு. எங்க கொண்டாரணும், சொல்லுங்க."

பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றில் பார வண்டிகளை நிறுக்கும் எடைமேடை இருந்தது. பருத்தி வண்டிகள் வராத ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆட்களை இறக்கிவிட்டு அவர் பஸ்ஸை அங்கே கொண்டுவந்தார். ஆலைக் குமாஸ்தாவிடம் நான் முன்னதாகவே பேசியிருந்தேன். அவர் மகள் என்னிடம் படித்தாள். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடை மேல் நிற்கும்படி நிறுத்தினோம். பிறகு பின்சக்கரங்கள் மட்டும். பிறகு பீப்பாயில் கரி நிரப்பி, கூரையில் மூட்டை ஏற்றி, பின் சீட்டுகளில் ஆலைத் தொழிலாளர்களை உட்கார வைத்து, மறுபடியும் இரண்டையும் எடை பார்த்தோம். ஒவ்வொன்றையும் மூன்று தரம். தொழிலாளர்களுக்கு ஒரே சிரிப்பு. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரம் மேடையின் விளிம்பில் படாமல் நிற்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

பாரம் ஏற்றிய பஸ்ஸின் மொத்த எடையில் ஆறில் ஒரு பங்குதான் முன்சக்கரங்களின் மேல் இருந்தது. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முள்ளைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான். அதுவும் வண்டி நிக்கிறப்ப. மேட்டுல ஏறி இறங்குறப்ப என்ன ஆகும்னு பாக்கணும்."

திங்கட்கிழமை பள்ளித் தாளாளர் என்னை அழைத்தார். மிஷன் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஆலை முற்றத்தில் ஆண்கள் நடுவே பஸ்ஸுக்கு அடியில் குனிந்து நின்றதாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. இது பள்ளியின் கௌரவத்துக்கு அழகல்ல என்றார். அடியில் குனிந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, அடுத்த சனிக்கிழமை பாலத்தை அளக்க அதனடியிலும் குனிய வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். பின்னால் வேறு யாரோ போய்ச் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம் பாருங்கள்.

ஒன்பது பக்கத்தில் அறிக்கை எழுதினேன். பஸ்ஸின் படம், சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், பீப்பாய் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, எடைகள், பாலத்து முதுகின் உயரம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பிரதியை மாஜிஸ்திரேட்டுக்கும், ஒன்றைச் சாலைகளைப் பார்க்கும் ஜில்லா இன்ஜினியருக்கும் அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. நான்காவது வாரம் நானே இன்ஜினியர் ஆபீஸுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பியூன் இரண்டு தரம் வந்து ஐயா இல்லை என்றார். உள்ளே ஐயா இருமுவது எனக்குக் கேட்டது. மூன்றாவது தரம் கதவு திறந்தது.

இன்ஜினியர் நரைத்த, சிரிக்காத மனிதர். என் தாள்கள் அவர் மேஜை மேல் இருந்தன. ஓரங்களில் பென்சில் குறிப்புகள். அவர் படித்திருக்கிறார்.

"கூட்டல் சரியா இருக்கு. ஆனா சக்கரம் தரையை விட்டு எந்திரிக்கும்னு எழுதியிருக்கீங்களே, அத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. நீங்க பாக்கலாம்."

"எப்படி?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டிய இறுக்கிப் பிடிக்கணும், தரையோட தரையா. இந்தப் பக்கம் நீங்க உக்காந்து சக்கரத்துக்கு அடியில பாருங்க. நடுவுல வெள்ளை தெரிஞ்சா சக்கரம் தரையில இல்ல."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். முதலாளிக்கு உத்தரவு போனது: அந்த இரட்டை பஸ்ஸைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

குறித்த நாள் காலையில் பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. சமயநல்லூர்க்காரர்கள் கண்மாய்க் கரையில் வரிசையாக நின்றார்கள். முதலாளி காரில் வந்தார். இறந்துபோன பெண்ணின் புருஷனும் வந்திருந்தார், தோட்டக்காரர். விசாரணையின்போது அண்ணனைப் பார்த்து, "எம் பொண்டாட்டிய குடிச்சுட்டுக் கொன்னவனே" என்று கத்தியவர். கையில் கட்டோடு நின்ற அண்ணன் அவரைக் கண்டதும் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். நான் அவர் நல்ல கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன். ஒளிய வேண்டியவர் அவர் இல்லை.

ஆட்களுக்குப் பதிலாகச் சீட்டுகளில் மணல் மூட்டை வைத்தோம். மாப்ள ஓட்டினார். குமாஸ்தாவும் இன்ஜினியரின் பியூனும் எதிர்ப்பக்கம் வேட்டியைப் பிடித்தார்கள். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கால்சட்டையோடு புழுதியில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்தார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அந்த நொடியில்தான்.

பஸ் வழக்கமான வேகத்தில் வந்து பாலத்து முதுகில் ஏறி இறங்கியது. இன்ஜினியர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தரம்," என்றார்.

மூன்று தரம் ஓட்டினோம். பிறகு பீப்பாயையும் கூரை மூட்டைகளையும் இறக்கிவிட்டு, அவர் அனுமதித்த கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, அதே வேகத்தில் மறுபடியும் மூன்று தரம். கடைசித் தரம் முடிந்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"பீப்பாய் இருந்தப்ப மூணு தரமும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல வேட்டி தெரிஞ்சுது. எடுத்த பிறகு ஒரு தரம்கூடத் தெரியல. திருப்பம் ஆரம்பிக்கிற இடத்துல உங்க வண்டிக்கு முன்சக்கரமே இல்லை."

முதலாளி சிரித்தார். "பொம்பளை சொன்னதுக்காக ஒரு ஆபீசர் மண்ணுல விழுந்து கும்பிடுறதா?"

இன்ஜினியர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் சொன்னேன். "நீங்களும் விழுந்து பாருங்க மொதலாளி. இன்னொரு தரம் ஓட்டச் சொல்றேன்."

கரையில் நின்றவர்களில் சிலர், "பாருங்க, பாருங்க" என்றார்கள். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. கரி அடுப்பைப் பின்சக்கரத்துக்கு வெளியே தொங்கவிடக் கூடாது என்று எல்லா பஸ் முதலாளிகளுக்கும் உத்தரவு போனது. அதில் என் பெயர் இல்லை. இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. முதலாளிக்கு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. பீப்பாயை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, இரண்டு சீட்டு குறைந்ததற்கு ஊரெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு திரிந்தார். மாப்ளயை வேலையிலிருந்து நிறுத்தினார். அண்ணனும் அவரும் சேர்ந்து வேறொரு கம்பெனியில் லாரி ஓட்டப் போனார்கள்.

அதோடு முதலாளி விடவில்லை. இரண்டு சீட்டுக்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தார் என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கு வக்கீல் கடிதம் வந்தது. தாளாளர் மன்னிப்பு வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். நல்ல தமிழ். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"நான் எழுதினதுல எது தப்புன்னு காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்," என்றேன்.

"தப்பு சரி என்பதல்ல பிரச்சினை. பள்ளியின் அமைதி."

"அந்தம்மா செத்ததே தப்பும் சரியும் பாக்காததாலதான்."

அடுத்த திங்கட்கிழமை வரை யோசித்துவிட்டு வரச் சொன்னார். திங்கட்கிழமை நான் அவர் அறைக்குப் போகவில்லை. மணி அடித்ததும் நேரே வகுப்புக்குப் போனேன். வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை எதிர்பார்த்து வாரக்கணக்கில் பையில் என் சான்றிதழ்களை வைத்துக்கொண்டே திரிந்தேன். கடிதம் வரவில்லை. பத்தாம் வகுப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்காக நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில், இறந்துபோன பெண்ணின் புருஷன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் உள்ளே இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். தோட்டக்காரர் உட்காரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் பேசினார்.

"திருவாதவூர்ல எம் மகளக் கட்டிக் குடுத்திருக்கேன் டீச்சர். அங்குட்டுப் போற பஸ்ஸுக்கு பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. டிரைவரக் கேட்டா ரோடு சரியில்லங்குறாரு. மொதலாளியக் கேட்டா டிரைவர் சரியில்லங்குறாரு. எது சரியில்லன்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

"எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டேன்.

"பத்துக்கு."

நான் நோட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டேன். அண்ணன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.