நோன்புக்காரி டிமியானாவின் பிறந்தநாள் விருந்து

டிமியானா பிறந்தது மார்ச் மாதக் கடைசியில். அதாவது ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பின் நட்டநடுவில். இறைச்சி, மீன், முட்டை, பால், பாலாடைக்கட்டி எதுவும் ஆகாத காலம். அறுபத்தாறு வயது வரை தன் பிறந்தநாள்களைப் பயறும் அவித்த மொச்சையுமாகவே கழித்தவள். அதில் அவளுக்குத் துளியும் வருத்தமில்லை. ஆண்டவர் தன்னைப் பார்த்துப் பொறுக்கித்தான் அந்த மாதத்தில் அனுப்பினார் என்று நம்பினாள்.

கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா பக்கம் நோன்புக்காரி டிமியானா என்றால் கறிக்கடைக்காரனுக்கும் தெரியும். தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், பக்கத்து மேசைக்காரி நோன்பு நாளில் பிஸ்கட் பிரித்தால் போதும், உறையைப் பிடுங்கிப் பால்பொடி கலந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். ஓய்வு பெற்றபின் கோயில் சமையலறை அவள் கைக்கு வந்தது. நோயாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பாதிரியார் நோன்பிலிருந்து விலக்குத் தருவது எங்கள் சபையின் வழக்கம். ஆனால் டிமியானா இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. "நான் ரெண்டு பிள்ளையையும் நோன்போடதான் பெத்தேன்" என்பாள். அதற்கு மேல் எவள் வாயைத் திறப்பாள்? ஐந்து மாத வயிற்றோடு அதே வீட்டில் இருந்த மருமகள் ஐரீனியும் திறக்கவில்லை. வெளுத்த முகத்தோடு பயறு தின்றுகொண்டிருந்தாள்.

இந்த வருடம் வம்பு வேறு வழியில் வந்தது. டிமியானாவின் உடம்பில் ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் அறிந்த பாதிரியார், எங்கள் அபூனா, அவள் கேட்காமலே விலக்குக் கொடுத்தார். "தினம் ஒரு முட்டை சாப்பிடணும். இது என் கட்டளை" என்றார். அபூனாவின் பேச்சைத் தட்டுவதா? டிமியானா கீழ்ப்படிந்தாள். ஆனால் கீழ்ப்படிவதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமென்று எங்கும் எழுதியிருக்கவில்லையே. மகன் வேலைக்குப் போனபின், ஐரீனி குளிக்கிற நேரம் பார்த்து முட்டையை வேகவைப்பாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குப் பின்னால் நின்றபடியே விழுங்குவாள். முட்டை ஓட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் திணிப்பாள். மறுநாளும் அப்படியே.

பிறந்தநாளுக்கு மகள் நர்மீன், ஸமாலெக்கில் நைல் ஓரம் கட்டிவைத்த படகு உணவகத்தில் இடம் பிடித்திருந்தாள். பெரிய மனிதர்கள் வந்துபோகிற இடம். சியாமி என்கிற நோன்பு உணவுக்கு உணவுப் பட்டியலில் தனிப் பக்கமே உண்டு என்று பெருமையாகச் சொன்னாள்.

"சியாமியா, சாதாரணமா மேடம்?" என்று பணிவாகக் கேட்டான் பரிமாறுகிறவன்.

"எல்லாருக்கும் சியாமி" என்றாள் டிமியானா.

மகன் ஹானி பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்த பொரித்த புறாவைக் கடைசிவரை கண்ணால் வழியனுப்பினான். ஐரீனி உணவுப் பட்டியலை மூடி வைத்தாள்.

சோறும் பயறும் மக்ரோனியும் கலந்த கொஷரி, கண்ணாடிக் கோப்பையில் மூன்று கரண்டி அளவு வந்தது. அடுத்து, வெள்ளைத் தட்டின் நடுவில் ஒற்றைப் பூக்கோசுத் துண்டு.

"நம்ம தெருவுல இதையே வாளியில கொடுப்பான்" என்றான் ஹானி.

"வாய மூடுடா. வெளிநாட்டுல சமையல் படிச்ச ஆளு பண்ணது" என்றாள் நர்மீன்.

மெழுகுவத்தியோடு கேக் வந்தது. முட்டையும் வெண்ணெயும் சேராத கேக். கத்தி இறங்க மறுத்தது.

"முட்டை போட்டிருந்தா மெத்துன்னு இருந்திருக்கும்" என்றான் ஹானி. "முட்டை வேணும்னா என் பொண்டாட்டியக் கேளுங்க. அவதான் ஒளிச்சு வச்சுத் திங்கறா."

நர்மீன் நிமிர்ந்தாள். "என்னடா சொல்றே?"

"முந்தாநேத்து குப்பைக்காரர் பையத் தூக்கறப்போ கிழிஞ்சுபோச்சு. உள்ள பேப்பர்ல சுத்தி முட்டை ஓடு. அவரும் நம்ம சபைதானே, பார்த்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாரு. எனக்கு மானமே போச்சு. வேணும்னா நேராச் சாப்பிட வேண்டியதுதானே? அம்மா இருக்கற வீட்ல திருட்டுத்தனம் என்னத்துக்கு? கேட்டா பதிலே இல்ல."

ஐரீனி ஒரு கணம் மாமியாரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. இவளுக்கு எல்லாம் தெரியும் என்று டிமியானாவுக்குப் புரிந்தது. தெரிந்தும் இரண்டு நாளாகப் பழியைச் சுமந்திருக்கிறாள், வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து.

டிமியானாவுக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது. பேசினால் நாற்பது வருடப் பெயர் இந்த மேசையிலேயே போய்விடும். பேசாவிட்டால் இந்தப் பெண் திருடியாகவே வீடு திரும்புவாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் போனால் தான் சொல்லவே மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அது என் முட்டை" என்றாள்.

நர்மீனின் கண் கலங்கியது.

"பார்த்தியாடா? மருமகளக் காப்பாத்த அம்மா தன் பேரையே கெடுத்துக்கறா."

"காப்பாத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தினம் சாப்பிடறேன். அபூனாவே விலக்குக் குடுத்திருக்கார்."

"போதும்மா, அபூனாவையும் பொய்ச்சாட்சிக்கு இழுக்காத" என்று ஹானி அவள் கையை முத்தமிட்டான்.

டிமியானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வாழ்நாளில் முதன்முறையாக உண்மையை ஒத்துக்கொண்டிருக்கிறாள், நம்ப ஆளில்லை.

"தம்பி, இங்க வா" என்று பரிமாறுகிறவனைக் கூப்பிட்டாள். "வறுத்த கோழி ரெண்டு தட்டு. எனக்கொண்ணு, இவளுக்கொண்ணு."

"மேடம், சியாமின்னு..."

"சொன்னதக் கொண்டா."

கோழி வந்தது. எல்லோரும் பார்க்க ஒரு காலைப் பிய்த்து வாயில் வைத்தாள். வாய் நிறைய இருந்ததால், நர்மீன் அடுத்துச் சொன்னதை மறுக்க முடியவில்லை.

"பிள்ளைத்தாய்ச்சி தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு, அம்மா வாழ்க்கையிலயே முதல் தடவையா நோன்ப விடறா. வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

ஹானி மனைவியின் பக்கம் திரும்பினான். "அம்மாவுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்" என்றான் பெருந்தன்மையாக.

டிமியானா வாயைத் திறப்பதற்குள் ஐரீனியின் கை மேசைக்கடியில் அவள் முழங்காலை அழுத்தியது. தன் தட்டிலிருந்த நெஞ்சுத் துண்டை மாமியார் தட்டில் வைக்கிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

"விடுங்க அத்தை. நாளைலேர்ந்து ரெண்டா வேக வைங்க."

"ஓட்ட என்னடி பண்றது?"

"குப்பையில மேலாகவே போட்டுடலாம்" என்றாள் ஐரீனி.