நான் ஒண்ணும் சொல்லலை

அந்தச் சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் பலருக்குத் தெரியாது. ரேடியோ என்றால்தான் தெரியும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஆரம்பிக்கும் பேச்சு, மறுபடி ஷட்டரை இறக்கும்போதுதான் ஓயும். நிஜ ரேடியோவையாவது திருகி அணைக்கலாம், இவரை எங்கே பிடித்துத் திருகுவது என்று அவர் மனைவியே கேட்பாள்.

கடையில் மூன்று நாற்காலிகள். இரண்டில் முடிவெட்டு நடக்கும். மூன்றாவது கீழே இறங்கினால் மேலே ஏறாது என்பதால், முடிவெட்ட வராமல் பேச்சுக் கேட்க மட்டும் வருகிறவர்களுக்கு அது ஒதுக்கப்பட்டிருந்தது. கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஏனென்றால் ரேடியோவுக்கு எதைப்பற்றியும் ஒரு கருத்து உண்டு, அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லவும் தெரியும்.

"முன்னெல்லாம் குனின்னா குனிவாங்க, நிமிருன்னா நிமிருவாங்க. இப்ப எல்லாரும் போனைப் பாத்துக் குனிஞ்சா குனிஞ்சதுதான். பின்கழுத்து வெட்டறது சுலபமாயிடுச்சு. முன்னந்தலைக்கு வரதுக்குள்ள என் உயிர் போகுது" என்பார். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர் யாராவது வந்தால், "உங்களுக்குப் பாதி தலை வெட்டினா போதுமே சார், கேமராவுல தெரியற பாதி" என்பார். இனி எல்லா வேலையையும் மெஷினே செய்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், சவரக்கத்தியை அவர் காதுக்குப் பின்னால் வைத்தபடி, "எந்த மெஷினை நம்பி இப்படிக் கழுத்தை நீட்டுவீங்க, சொல்லுங்க" என்று கேட்பார். நாற்காலியில் இருப்பவர் தலையாட்டக்கூட முடியாமல் சிரிப்பார்.

ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தார். ரேடியோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தப் பாதி தலை வெட்டறவர் நீங்கதானே?" என்றார்.

ரேடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவர் போனை எடுத்துக் காட்டினார். அதில் ரேடியோவின் கடை, ரேடியோவின் கண்ணாடி, கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ரேடியோ. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தைவிடக் குரல்தான் அவரை அதிகம் கலக்கியது. இவ்வளவு கரகரப்பாகவா பேசுகிறோம்? இந்தக் குரலையா இத்தனை வருஷமாக இத்தனை பேர் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

எடுத்து நெட்டில் போட்டது யார் என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. மூன்றாவது நாற்காலியின் நிரந்தர வாசி ஒருவர் உண்டு. இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டையர் ஆனவர். தலையில் வெட்ட ஒன்றுமில்லாததால் வழுக்கை சார். தினமும் வந்து, போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பேப்பர் படிப்பார்.

"கேட்டுட்டுத்தானேப்பா எடுத்தேன்?" என்றார் அவர்.

"எப்ப சார் கேட்டீங்க?"

"'நீ பேசறதையெல்லாம் ரெக்கார்டு பண்ணி வெக்கணும்யா'ன்னு சொன்னேன். 'பண்ணிக்குங்க, யாரு வேண்டாம்னா'ன்னு சொன்னியே!"

சொல்லியிருப்பார். அதிர்ச்சி அடங்கியதும் ரேடியோவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்தார்கள், கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்கு வர ஆரம்பித்தார். வழுக்கை சார் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, "சீக்கிரம் வந்துடுங்க சார், இங்க ஏகப்பட்டது பேச வேண்டியிருக்கு" என்று வழியனுப்பினார்.

சலூனுக்கு அடுத்த கடை தையல் கடை. நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தத் தையல்காரம்மா, கணவர் வேறொரு குடும்பம் தேடிப் போன பிறகு, தனி ஆளாக நின்று ஒரே மகளைப் படிக்க வைத்தவர். ரேடியோவுக்குத் தங்கச்சி மாதிரி. சலூனில் சிரிப்பு அதிகமானால், "அண்ணே, வால்யூமைக் குறைங்க, நூல் அறுந்து போகுது" என்று அங்கிருந்து குரல் வரும். அந்தக் குரல் ஒரு வாரமாக வரவில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ ஒரு டீயை எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார்.

"இனிமே எனக்கு டீ எதுவும் கொண்டாராதீங்க" என்றார் தையல்காரம்மா, தலை நிமிராமல்.

"என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?"

அவர் போனை எடுத்து எதையோ அழுத்தி, துணி வெட்டும் மேஜைமேல் வைத்தார். யாரோ ஒருவன், வழுக்கை சார் எடுத்ததிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டிருந்தான். ரேடியோவின் குரல் கணீரென்று வந்தது.

"பக்கத்துக் கடைப் பொண்ணையே எடுத்துக்குங்க. ஊர் அடங்கற நேரத்துல கிளம்பிப் போகுது, விடிஞ்சு வருது. கேட்டா கம்ப்யூட்டர் வேலையாம். ராத்திரியில அப்படி என்ன கம்ப்யூட்டர் வேலை? அந்தம்மா தைச்சுத் தைச்சு முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். இப்ப பாத்தா புது மெஷின், புது ஃபிரிட்ஜ்! நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே யோசிச்சுக்குங்க." அதைத் தொடர்ந்து பலர் சிரிக்கும் சத்தம்.

ரேடியோ டீயை மேஜைமேல் வைத்தார். "ஐயோ, இது நான் இல்ல! சத்தியமா நான் இல்ல தங்கச்சி! அது பொறந்ததுலேந்து பாத்த பொண்ணு. நான் இப்படிப் பேசுவேனா?"

"உங்க மூஞ்சி. உங்க கடை. துணி தைக்க வர்றவங்க என்னைப் பாத்துக் கேக்கறாங்க அண்ணே, பொண்ணு எங்க வேலைன்னு."

ரேடியோ பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அந்த வார்த்தைகளைச் சொன்னதாக அவருக்குத் துளியும் நினைவில்லை. பதறிப்போய் எதிர்வரிசையில் இருந்த போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார். அந்த ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்சைக்கூடக் கழற்றாமல், "இப்பல்லாம் ஒரு போட்டோவும் கொஞ்சம் குரலும் இருந்தா போதும் அண்ணே. யாரை வேணும்னாலும் எதை வேணும்னாலும் பேச வெக்கலாம்" என்றார்.

"அப்ப இது அப்படித்தானே?"

"கண்ணால பாத்தெல்லாம் சொல்ல முடியாது. இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்', தெருவைக் கடந்து சலூனுக்கு வருவதற்குள் 'அதேதான்' ஆகிவிட்டது. அன்று கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. நல்ல மனுஷனின் வாயில் மெஷின் எப்படி விஷத்தை வைக்கிறது என்று வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். காலம் கெட்டுப்போச்சு என்றார்கள். சாயங்காலம் தையல்காரம்மாவே சலூன் வாசலுக்கு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

"விடு தங்கச்சி. உன்மேல என்ன தப்பு?" என்று ரேடியோ பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் இதையெல்லாம் மனைவியிடம் முதலிலிருந்து சொன்னார். அவள் தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?"

"அந்த வீடியோ முடியறப்ப ஒரு கை வந்து ஷெல்ஃபுல டிபன் கேரியர் வெக்குதே, பாத்தீங்களா?"

"ஆமா?"

"அது என் கை."

ரேடியோ வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது.

"நீங்கதான் சொன்னீங்க. நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன். 'மெதுவாப் பேசுங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு'ன்னுகூடச் சொன்னேன். சிரிச்சீங்க."

யாரோ பின்மண்டையில் அடித்ததுபோல இருந்தது அவருக்கு. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. எந்த வாடிக்கையாளர், என்ன கிழமை, எதற்காக அந்தப் பேச்சு வந்தது, ஒன்றும் இல்லை. திருடுகிறவனுக்குக்கூடத் திருடியது ஞாபகம் இருக்குமே! ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிட்டு, அடுத்த ஆளுக்குத் துணி போர்த்தும்போதே மறந்துபோகிற மனுஷனா நான்? இப்படி இன்னும் எத்தனை பேரைப்பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறேன்?

"எல்லாரும் மெஷின்னு நம்பிட்டாங்க. அந்தத் தங்கச்சியும் சமாதானமாயிடுச்சு. இப்படியே விட்டுருங்களேன்" என்றாள் மனைவி.

விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தம்மா வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டதும், தான் அதைப் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டதும் முள்ளாக உறுத்தின. தாயின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. மகளிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று, விடிந்ததும் ஆபீஸ் வேன் வந்து நிற்கும் தெருமுனைக்குப் போய் நின்றார்.

வேனிலிருந்து இறங்கிய பெண்ணுக்குக் கண்களைச் சுற்றிக் கருவளையம். "என்ன மாமா, இந்நேரத்துல?"

"அந்த வீடியோ..." என்று ஆரம்பித்தார். "மெஷின் எல்லாம் இல்லம்மா. நான்தான் பேசியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான்தான்."

அவள் கோபப்படவில்லை. அதுவே அவரை மேலும் பயமுறுத்தியது.

"தெரியும் மாமா. பாத்ததும் கண்டுபிடிச்சுட்டேன். என் வேலையே அதுதான்."

"எது?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தாள். "ஜனங்க நெட்டுல போடற வீடியோவை, மத்தவங்க தப்புன்னு புகார் பண்ணுவாங்கல்ல? அது எங்ககிட்ட வரும். பாத்துட்டு, விடலாமா தூக்கலாமான்னு அழுத்தணும். உடனே அடுத்தது வந்துடும். அடிக்கறது, வெட்டறது, சின்னக் குழந்தைங்களை..." நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம் மாமா. உங்களுக்கு எதுக்கு?"

ரேடியோவும் அந்தப் படியில் உட்கார்ந்தார்.

"பாதியில கண்ணை மூடிக்க முடியாதா?"

"முடியாது. சில நேரம் கடைசியிலதான் விஷயம் இருக்கும்."

"விடிய விடிய இதுவா?"

"பகல்லயும் ஆள் இருக்காங்க. உங்க போன்ல இதெல்லாம் வராம இருக்குல்ல? யாராவது உக்காந்து பாக்கறதாலதான்."

போனைப்பற்றியும் இந்தக் காலத்து வேலையைப்பற்றியும் அவர் ஆயிரம் பேசியவர். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதை ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப என்னோடதையும் தூக்கிடேம்மா" என்றார் கெஞ்சலாக.

அவள் லேசாகச் சிரித்தாள். "அது என் கைக்கு வராது மாமா. வேற யாருக்கோ வரும். வந்தாலும் விட்டுருவாங்க. ரூல்படி பாத்தா, அது தூக்கற அளவுக்குப் பெரிசில்ல."

தங்கச்சியின் ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்த பேச்சு, பெரிசில்லை!

எழுந்தபோது அவள் சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சா என்னை அனுப்ப மாட்டாங்க. வெளியில சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்லயும் கையெழுத்து வாங்கியிருக்காங்க. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் முகம் வெளுத்ததை ரேடியோ கண்ணால் பார்த்தார்.

அன்று தையல் கடை திறந்ததும் உள்ளே போய் நின்று, பேசியது தான்தான் என்று சொன்னார். தையல்காரம்மா திட்டியிருந்தால் தேவலை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டேனே அண்ணே" என்றார். "அதைத்தான் என்னால தாங்க முடியல."

உன் பெண் என்ன வேலை செய்கிறாள் தெரியுமா, அந்தக் குழந்தையின் கால் தூசிக்கு நான் ஆவேனா என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அந்தத் தாயின் நிம்மதி போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்த வாடிக்கையாளர்களிடமும், "மெஷின் இல்ல, நான்தான் உளறினேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். சிலர் நம்பவில்லை. ரேடியோ அடக்கத்துக்குச் சொல்கிறார் என்றார்கள்! ஊரிலிருந்து திரும்பிய வழுக்கை சார் விஷயத்தைக் கேட்டு நடுங்கிப்போய், போட்டதை எல்லாம் அழித்தார். மற்றவர்கள் எடுத்துப் போட்ட துண்டுகள் மட்டும் எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருந்தன.

சலூனில் பேச்சு நின்றுவிடவில்லை. பேசாமல் அவரால் முடிவெட்ட முடியாது. ஆனால் நடுநடுவே, பல்லில் கல் மாட்டியதுபோல ஒரு வார்த்தையில் நின்று, யோசித்து, வேறு பக்கம் திரும்பிவிடுவார். "இப்பல்லாம் ஸ்டேஷன் சரியா எடுக்க மாட்டேங்குதே ரேடியோ" என்று கேலி செய்தார்கள். பக்கத்துப் பெண்ணைப்பற்றி யாராவது நோண்டினால், "ஆபீஸ் வேலை. நம்மளை மாதிரி நாலு பேருக்கு அந்தத் தெம்பு வராது" என்பதோடு சரி. மனைவி எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவளிடமும் வாய் திறக்கவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று அவள் கவலைப்பட்டாள்.

மழைக்காலம் வந்து போன பிறகு, அந்தப் பெண்ணுக்குப் பகலிலும் தூக்கம் வராமல் போயிற்று. வேலையை விட்டுவிட்டு, ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் சேர்ந்தாள். அதன் பிறகுதான், பழைய வேலை என்னவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயிடம் சொன்னாள்.

மறுநாள் தையல்காரம்மா சலூனுக்குள் வந்தார். அத்தனை மாதமாக, தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசாதவர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாற்காலியில் இருந்தவர், கழுத்தில் துணியோடு திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, என் பொண்ணு பாத்த வேலை... உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

ரேடியோ கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தெரியும் தங்கச்சி."

"அப்பலேந்தா?"

"அப்பலேந்துதான்."

"யாருகிட்டயும் சொல்லலையா? அண்ணிகிட்டகூட?"

"இல்ல."

தையல்காரம்மா அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தானை கையிலேயே நின்றுபோயிற்று.

"நீங்களா?" என்றார்.