நான் வாய் மூடிய மாதம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழையும் அதட்டித்தான் வளர்த்தேன். எங்கள் மலையூரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் எனக்கு பிரஷர் என்றதும், காரணம் என் கோபம்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் பேச்சு: கத்துகிறவளுக்கு பிரஷர்.

ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கோபமே இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு? அதையும் நிறுத்தினேன். கருவாட்டை மட்டும் விடவில்லை. பேச்சும் இல்லை, அதுவும் இல்லை என்றால் எப்படி?

"அத்தைக்கு என்னா ஆச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தெரியலக்கா. திட்டுனாக்கூட பரவால்ல, இதுதான் பயமா இருக்கு," என்றாள் என் மருமகள்.

மாதம் முடிந்ததும் பெருமையோடு கையை நீட்டினேன். டாக்டரம்மா இரண்டு தரம் அளந்தார்.

"ஏறியிருக்கு பாட்டி. இப்படியே விட்டா கிட்னி கெட்டுப்போவும். அப்புறம் மெஷின்லதான் ரத்தத்த சுத்தம் பண்ணணும்."

அந்த நிலை வந்தால் பெரியவன் என்னைத் தான் இருக்கும் ஈப்போ டவுனுக்குக் கூட்டிப்போய்விடுவான். பத்தாவது மாடி வீடு. மண்ணே கிடையாது.

"நான் ஒரு வார்த்த கத்தலையேம்மா! அதான் மாத்திரயகூட நிறுத்திட்டேன்."

"கோவம் கொஞ்ச நேரந்தான் ஏத்தும் பாட்டி. இது கிட்னி வேல. அங்கேருந்து ஒரு ஆர்டர் போவும், ரத்தக்குழாய் இறுகும். கிட்னி மேல உள்ள சுரப்பி ஒரு ஹார்மோன விட்டு உப்ப புடிச்சு வைக்கச் சொல்லும். உப்பு நின்னா தண்ணியும் நிக்கும், பிரஷர் ஏறும். நீங்க நிறுத்துன மாத்திரதான் அந்த ஆர்டர தடுக்கிறது."

"உப்பு தண்ணிய இழுக்குமா?" என்றேன். கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையில் உப்பு முடிந்துகொண்டு தேயிலைக் காட்டுக்குப் போனவள் நான். காலில் ஏறிய அட்டைமேல் வைத்தால், அதன் தண்ணீரை உப்பு இழுத்துச் சுருட்டிவிடும். அட்டைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாத்திரை உண்டு, கருவாடு இல்லை, குரல் திரும்பிவிட்டது. பிரஷர் இறங்கியிருக்கிறது.

"அத்தை, மாத்திர போட்டாச்சுல்ல? இனிமே திட்டலாம்லா," என்கிறாள் மருமகள்.

ஏ புள்ள, என் பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய இதை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள். அந்த வாசனை போகிறவரை நிறுத்தாதே.