கொலையாளியைச் சொல்லாமல் போன கணக்கப்பிள்ளை

லிந்துலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியபோதுதான் செய்தி வந்தது. "வாத்தியாரே, கணக்கப்பிள்ளை சுப்பராயன் ஐயா காலமாயிட்டாங்க. நெஞ்சுவலியாம்" என்றார் ஹட்டன் கடைவீதித் தையற்காரர். அட கடவுளே, அவருடைய தொடர்கதையின் கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லையே! என் மனம் முதலில் நினைத்தது அதைத்தான். அழுகை அப்புறந்தான் வந்தது.

உங்களில் பலருக்கு அவர் தேயிலைக் கொழுந்து மலையில் குடையோடு நின்று வேலை வாங்கிய மனிதர். மாதப் பத்திரிகையில் புனைபெயரில் துப்பறியும் கதை எழுதியவரும் அவர்தான். பத்திரிகை ஆசிரியரையும் என்னையும் விட்டால் இது யாருக்கும் தெரியாது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

நானும் அதே பத்திரிகையில் துப்பறியும் கதை எழுதியவன். படித்துவிட்டு ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் கதை வந்தாலோ, என் மனைவியே அடுப்பில் ரொட்டியைக் கருகவிட்டுப் படிப்பாள். வயிறு எரியாதா? எரிந்தது. இன்றும் எரிகிறது.

வாசிகசாலைக் கூட்டமொன்றில் எழுந்து வெளுத்து வாங்கினேன். "துப்பறியும் கதை அலுத்துப்போய்விட்டது. அதே பங்களா, அதே மழை, அதே துப்பாக்கிச் சத்தம், கடைசியில் அதே சமையல்காரன். எவனைப் பார்த்தாலும் இதையே எழுதுகிறான். முதல் அத்தியாயத்திலேயே கொலையாளியைச் சொல்லிவிடலாம்!" கைதட்டினார்கள். பின்வரிசையில் அவரும் தட்டினார். வெளியே வந்ததும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதாங்க. கொலை பழசுதான். ஆனா சாகிறவனுக்கு அது புதுசுங்களே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வரி எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

மேடையில் முழங்கினேனே தவிர, அவருடைய கொலையாளியை ஒருமுறைகூட என்னால் பிடிக்க முடிந்ததில்லை. போன மாதம் அவர் வேலை பார்த்த மலைக்கு நான் போனபோதுதான் காரணம் புரிந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் கதையை உரக்கப் படிப்பார். மறுநாள் கொழுந்து பறிக்கையில் அது நிரைக்கு நிரை வாய்மாறிப் போகும். அன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியாயி, எழுதியவர் இவரென்று தெரியாமல், அவரிடமே கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டாக்டரு மேலதாங்க சந்தேகம்."

"போடி, தம்பிக்காரன்தான் கொன்னுருப்பான்!" என்றது அடுத்த நிரை.

"அப்படியா? ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார் அந்த மனிதர். கள்ளன்!

இறங்கி வரும்போது சொன்னார்: "அவுங்க யாரைச் சொல்றாங்களோ, அவனை நான் விட்டுடுவேங்க. வேற ஆளைத் தேடுவேன்." எழுத உட்காரும்வரை கொலையாளி யாரென்று அவருக்கே தெரியாதாம். நானோ கொலையாளியை முடிவுசெய்துகொண்டுதான் முதல் வரியையே எழுதுவேன்.

காரியம் முடிந்ததும் பத்திரிகை ஆசிரியர் வந்தார். "அந்தக் கடைசி அத்தியாயத்தை நீங்களே முடிச்சுக் குடுங்களேன்" என்றார். வயிற்றெரிச்சல் தீர இதைவிட என்ன வேண்டும்? சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, அவர் செய்தபடியே மலையேறிப் போய் நிரையோரம் நின்றேன். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"சும்மா பேசுங்க. கொலையாளி யாரா இருக்கும்?" என்றேன்.

மாரியாயி கூடையைச் சரிசெய்துகொண்டாள். "எங்களுக்கு என்னங்க தெரியும்? நீங்க படிச்சவுங்க, நீங்கதான் சொல்லணும்."

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கொலையாளியை முதல் பத்தியிலேயே எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழித்துப் போட்டுவிட்டு, முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

சுப்பராயன் ஐயா எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாயில்லை. துப்பறியும் கதை செத்துவிட்டது என்று ஊரறிய முழங்கிய நான், அவர் முடிக்காமல் போன கதையின் பங்களாவில் கொன்றது யாரென்று தெரியாமல் தூக்கமில்லாமல் கிடக்கிறேன்.